சட்டப்படி நாற்பத்திரண்டு படிகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வீடு வாங்கினார். வாங்கியது வீடு இல்லை, படிக்கட்டு என்பது ஏழு வாரம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

இதில் அவர் பக்கம் தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கையெழுத்துப் போட்டவர் அவர்தான். மொத்தம் அறுபத்தோரு கையெழுத்து. வக்கீல் அலுவலகத்தின் நீள மேஜை மீது காகிதங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கையெழுத்து. முப்பதாவது நாக்கைத் தாண்டியபோது ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. குனிந்தார். சின்ன வக்கீல் மிகுந்த மரியாதையோடு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"அதெல்லாம் நாங்க பாத்தாச்சு சார். நீங்களே படிக்கறதுன்னா எங்கள எதுக்கு வெச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. கண்ணாடிக் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து மிச்ச நாக்குகளையும் முடித்தார்.

பெரிய வக்கீலும் சின்ன வக்கீலும் அண்ணன் தம்பி. கையெழுத்து முடிந்ததும் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசுவது பெரிய வக்கீலின் வழக்கம்.

"இந்த ஆபீஸ்ல இருந்து ஒரு பேப்பர் வெளிய போகணும்னா ஆறு கண்ணு அதப் பாத்திருக்கணும். டைப் அடிக்கறவங்க கண்ணு ரெண்டு, தம்பி கண்ணு ரெண்டு, என் கண்ணு ரெண்டு. முப்பத்தஞ்சு வருஷமா இதுதான் முறை. ஆறு கண்ணுக்குத் தப்பின ஒரு எழுத்து இதுவரைக்கும் பிறக்கல."

தட்டில் பிஸ்கட் வந்தது. எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டை விற்றவர் ஓய்வுபெற்ற இசை டீச்சர். எண்பத்தொரு வயது. அந்த மூன்று மாடிக் கட்டிடத்தைக் கட்டியவர் காலமான அவர் கணவர். எதையும் எண் போட்டுத் தனித்தனியாகப் பதிவு செய்யாவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. இரண்டாம் மாடி வீட்டை 'பகுதி 7' என்று பதிவு செய்தார். தெருவிலிருந்து அதற்கு ஏறிப்போகும் படிக்கட்டை 'பகுதி 7-அ' என்று தனியாகப் பதிவு செய்தார். மற்ற வீடுகளை விற்றபோது இந்த இரண்டு மட்டும் மனைவி பேரில் தங்கின. டீச்சருக்கு முழங்கால் போய்விட்டது. படி ஏற முடியாமல்தான் வீட்டை விற்றுவிட்டு, தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது சமையலறை அலமாரியில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்: 'எனக்குக் கடிதம் வந்தால் இந்த விலாசத்துக்கு அனுப்பவும். மழைக்காலத்தில் வடக்கு ஜன்னல் இறுகும், மெதுவாகத் தள்ளவும்.'

கண்ணாடிக் கடைக்காரர், மனைவி, பதின்மூன்று வயது மகள் மூவரும் குடிவந்தார்கள். அதுவரை கூடத்தில் படுத்துக்கொண்டிருந்த மகளுக்கு முதல்முறையாகக் கதவு வைத்த ஓர் அறை கிடைத்தது. அவள் தன் கையாலேயே அதற்கு மஞ்சள் வண்ணம் பூசினாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து "யாரு?" என்று கேட்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஏழாவது வாரம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'பகுதி 7-அ உரிமையாளர் அவர்களுக்கு. தங்கள் சொத்தின் கைப்பிடி ஆடுவதாகப் புகார் வந்துள்ளது. முப்பது நாட்களுக்குள் சரிசெய்யவும்.'

"யாருக்கோ வந்தது நமக்கு வந்திருக்கு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். மணிக்கு ஆயிரத்து இருநூறு விலாசம் படிப்பவள். கடிதம் தப்பாக வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

"உங்க பேரு இருக்கு, கதவு எண் இருக்கு. தபால் சரியாத்தான் வந்திருக்கு. பத்திரத்த எடுங்க."

பத்திரத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். முதல் இருபது பக்கத்தைத் தள்ளிவிட்டு, கடைசியில் 'சொத்து விவரம்' என்ற பக்கத்துக்கு நேராகப் போனாள். விலாசம் இருக்கிற இடம் அவளுக்குத் தானாகத் தெரியும்.

"'பகுதி 7-அ. செங்கல் கட்டுமானம். நாற்பத்திரண்டு படிகள், இரண்டு திருப்பங்கள், இரும்புக் கைப்பிடி ஒன்று, காற்றோட்டத்துக்கு ஜன்னல் ஒன்று.'" படித்துவிட்டு நிமிர்ந்தாள். "வேற ஒண்ணும் இல்லைங்க. இவ்வளவுதான்."

"வீடு?"

"வீடு இதுல இல்ல."

கண்ணாடிக் கடைக்காரர் பத்திரத்தை வாங்கி, முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். ஓர் 'அ' கூடுதலாக விழுந்திருந்தது. படி ஏற முடியாமல் வீட்டை விற்ற டீச்சர், சட்டப்படி படியை மட்டும் விற்றிருந்தார். வீடு அவரிடமே இருந்தது.

மறுநாள் சின்ன வக்கீல் பத்திரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தை அவர் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாரோ என்று கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மரியாதைக்காக அதை அடக்கிக்கொண்டார்.

"இதத் தப்புன்னு சொல்ல முடியாது சார்" என்றார் சின்ன வக்கீல்.

"பின்ன?"

"மாறுபாடுன்னு சொல்லலாம். நீங்க எதிர்பார்த்ததுக்கும் வாங்கினதுக்கும் நடுவுல ஒரு சின்ன மாறுபாடு."

"நான் வீடு எதிர்பார்த்தேன்."

"அதேதான். எதிர்பார்ப்பு உங்களோடது. பத்திரம் எங்களோடது."

"சரி சார். டீச்சர் நல்லவங்க. விஷயத்தச் சொன்னா உடனே மாத்திக் குடுத்துடுவாங்க. நான் போய்க் கேக்கட்டுமா?"

சின்ன வக்கீல் கையை உயர்த்தித் தடுத்தார். "கூடவே கூடாது. அவங்க இப்ப எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்போட நேரா பேசினா கேஸ் கெட்டுப்போயிடும். அவங்க வக்கீல் மூலமாத்தான் போகணும்."

"அவங்க வக்கீல் யாரு?"

"நான்தான்."

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே அலுவலகம் வேலை செய்வதில் ஒரு சிக்கலும் இல்லை என்று அவர் விளக்கினார். அறைக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரத்தடுப்பு இருந்தது. இந்தப் பக்கம் வாங்குபவரின் ரகசியங்கள், அந்தப் பக்கம் விற்பவரின் ரகசியங்கள். தடுப்பைத் தாண்டும்போது இந்தப் பக்கத்து விஷயம் ஒன்றையும் நினைக்கக்கூடாது என்பது தொழில் தர்மம். பதினோரு வருஷமாக அதைக் கடைப்பிடித்து வருவதாகச் சொன்னார். பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருந்தது.

சின்ன வக்கீல் தனக்கே ஒரு கடிதம் எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, முத்திரை வைத்து, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

"பதில் வர பதினாலு வேலைநாள் ஆகும்."

"நீங்கதானே சார் பதில் எழுதணும்?"

"ஆமா. ஆனா அந்தப் பக்கம் எனக்கு வேலை ரொம்ப ஜாஸ்தி."

பதினைந்தாவது வேலைநாள் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. அதிலுள்ள எதையும் ஒப்புக்கொள்ளாமல் பரிசீலித்து வருகிறோம்.' அதைப் படித்த சின்ன வக்கீலின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது.

"இவ்வளவு கறாரா பதில் போடுவாங்கன்னு நான் நினைக்கல சார். நாமளும் கொஞ்சம் காட்டமாத்தான் எழுதணும்."

இந்தக் கடிதப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளவு நாடாவோடு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். டீச்சரின் தங்கை மகன். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று மூன்று முறை கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா" என்றார் மனைவியிடம். "வீட்டு வரி ரசீது இன்னும் பெரியம்மா பேருலதான் வருது. நகராட்சி ஆபீஸ்ல போய்க் கேட்டேன். வீடு விக்கவே இல்ல, படிக்கட்டத்தான் வித்திருக்காங்கன்னு சொல்றாங்க. பெரியம்மாவுக்குப் பதினெட்டாம் தேதி இதய ஆபரேஷன். டாக்டர் பாதிக்குப் பாதின்னுட்டார். நடக்கக்கூடாதது ஏதாவது நடந்தா, வாரிசுன்னு இருக்கறது நான் ஒருத்தன்தான். எனக்கும் வாடகை வீடு. அதான், சும்மா ஜன்னல மட்டும் அளந்துட்டுப் போயிடலாம்னு."

"பெரியம்மாவுக்கு இது தெரியுமா?"

"மனசுக்கு எந்தப் பளுவும் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால நான் எதையும் சொல்லல." சொல்லும்போது அவர் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. அளக்கும்போது வடக்கு ஜன்னலை மெதுவாகத்தான் தள்ளினார். மகளின் அறைக்குள் போவதற்கு முன் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் மகள். இந்த முறை அதில் சந்தோஷம் இல்லை.

அவர் அளப்பதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "என்ன கலர்ல திரை போடுவீங்க?" என்று கேட்டாள்.

"நீலம்னு நினைச்சேன் பாப்பா."

"இந்த மஞ்சளுக்கு ஒத்துப்போகாது."

அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் போனபிறகு அவள் கதவைத் திறந்தே வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து படுத்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் வக்கீல் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். புகார்களை விசாரிக்கும் அதிகாரி பெரிய வக்கீல். அவர் புகாரை மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"உங்க இடத்துல நான் இருந்தா எனக்கும் கோபம் வந்திருக்கும். ஆனா எங்க இடத்துல நீங்க இருந்து பாருங்க. கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டா, ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னு காப்பீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். ஒத்துக்கலைன்னா, நீங்க வருவீங்க. ரெண்டு பேருக்கும் வருத்தம் இல்லாம ஒரு வழி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்குக் கண்ணுல ஏதாவது கோளாறு இருந்தா? அது வியாதி. வியாதிக்கு யாரும் பொறுப்பில்ல. காப்பீட்டுக்காரன் கேள்வி கேக்காம எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்துடுவான். நீங்க கண்ணு பாக்கறவராச்சே. ஒரு சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா உங்க பிரச்சினையும் தீர்ந்துடும்."

மறுநாள் அண்ணனும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் சின்ன வக்கீலை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினார். மேல்வரிசையிலிருந்து சின்ன வக்கீல் மளமளவென்று படித்தார். கடைசி வரிசையை, இளம் பிள்ளைகளே திணறும் வரிசையை, நிற்காமல் படித்தார். அதற்கும் கீழே அட்டையின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைப் படித்தார். அதன் தொலைபேசி எண்ணையும் படித்தார்.

"போதும் தம்பி" என்றார் பெரிய வக்கீல்.

"அடுத்த கண்ணு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அதிலும் அப்படியே.

சின்ன வக்கீல் பெருமையோடு திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தைக் கண்டதும்தான் தான் எதற்காக வந்தோம் என்பது அவர் நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் மங்கல்னு எழுத முடியாதா?" என்றார் பெரிய வக்கீல்.

"எழுதலாம் சார். எழுதினா கண்ணாடியும் போட்டு விடணும். நல்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்டா மூணு நாள்ல தலைவலி ஆரம்பிச்சுடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'இரு கண்களும் பூரண ஆரோக்கியம். நூற்றில் ஒருவருக்கு வாய்க்கும் பார்வை.'

பெரிய வக்கீல் சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி கவலையோடு சொன்னார். "கண்ணுல குறை இல்லைன்னு ஆயிடுச்சுன்னா, அப்ப குறை எங்கன்னு யாராவது கேப்பாங்களே. இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல. நீங்க மன்றத்துக்குத்தான் போகணும்."

வக்கீல்கள் மன்றத்தின் ஒழுங்குக் குழு பதினாறாம் தேதி கூடியது. ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கூடத்தின் நான்கு சுவர்களிலும் முன்னாள் தலைவர்களின் எண்ணெய் ஓவியங்கள் தொங்கின. படத்தில் எல்லோர் மடியிலும் தடித்த புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. எல்லோரும் அதை விட்டுவிட்டுத் தங்களை வரைந்த ஓவியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல்ல கவனக்குறைவுன்னா என்னன்னு தெளிவு பண்ணிக்கணும். சாதாரணத் திறமை உள்ள ஒரு வக்கீல் எதச் செய்வாரோ, அதச் செய்யாம விட்டா கவனக்குறைவு. வக்கீல் யாருமே செய்யாத ஒண்ண இவரும் செய்யலைன்னா, அதுக்குப் பேரு மரபு. ஆக, கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். சொத்து விவரம்னு ஒரு பக்கம் இருக்கே, அத வக்கீல்கள் படிக்கறது உண்டா?"

சாட்சியாக ஒரு நிபுணர் வரவழைக்கப்பட்டிருந்தார். நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். கோட்டுப் பையில் நான்கு பேனா.

"நான் படிச்சதே இல்ல" என்றார் நிபுணர். "எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரும் படிச்சதில்ல. கட்சிக்காரர் எதிர்ல உக்காந்து அந்தப் பக்கத்த நாம படிச்சோம்னு வெச்சுக்கோங்க, அவருக்கு நம்ம மேல இருக்கற நம்பிக்கை போயிடும். இவருக்கு இது முன்னாடியே தெரியாதா, இப்பத்தான் பாக்கறாரான்னு நினைப்பார். நம்பிக்கைதான் சார் இந்தத் தொழிலோட அஸ்திவாரம். அதக் காப்பாத்தறதுக்காகவே நாங்க படிக்கறதில்ல."

தலைவர் இதைக் குறித்துக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் உடனே இல்லை என்று தலையாட்டினார். மற்றவர் வயதில் இளையவர். கொஞ்சம் தயங்கினார்.

"நான் ஒரு தடவ படிச்சிருக்கேன் சார். தொழிலுக்கு வந்த புதுசுல. அப்ப கட்சிக்காரர் யாரும் வரல, பொழுது போகல."

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "அப்புறம்?"

"அப்புறம் விட்டுட்டேன் சார்."

"நல்லது" என்றார் தலைவர். அது 'தொழில் பழகுமுன் நடந்த தனி நிகழ்வு' என்று பதிவானது.

அதுவரை யாரும் எதையும் கேட்காத கண்ணாடிக் கடைக்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, என் வீடு?"

தலைவருக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. இரு பக்கமும் சாய்ந்து கலந்து பேசிவிட்டுச் சொன்னார். "வீடு இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது. நாங்க வக்கீல்களோட கௌரவத்த மட்டும்தான் கவனிக்கறோம். வீடு மாதிரி விஷயங்களுக்கு நீங்க ஒரு நல்ல வக்கீலாப் பாத்துக் கலந்து பேசணும். தீர்ப்பு நாலு மாசத்துல தபால்ல வரும்."

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தியைக் கழுவி வைத்தாள்.

"நாளைக்கு நான் லீவு போடறேன்."

"எங்க போகப்போற?"

"டீச்சர் வீட்டுக்கு. அலமாரியில விலாசம் ஒட்டியிருக்கே."

"அவங்க எதிர்த்தரப்பு. நேரா பேசினா கேஸ் கெட்டுப்போயிடும்னு வக்கீல் சொல்லியிருக்கார்."

"கெடட்டும்ங்க" என்றாள் மனைவி. "நமக்கு வேண்டியது கேஸா, வீடா?"

மறுநாள் காலை இருவரும் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் டீச்சர் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். தங்கை மகன் ஸ்டவ் அருகில் நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார். மனைவி சுற்றிவளைக்காமல் பத்திரத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் நிதானமாகக் கேட்டார்.

"எனக்கு யாருமே சொல்லலையேம்மா. என் வக்கீலுக்கு இது தெரியுமா?"

"தெரியும் டீச்சர். ரெண்டு மாசமா அவர் அவருக்கே கடுதாசி போட்டுட்டு இருக்கார்."

டீச்சர் தங்கை மகன் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "மனசுக்குப் பளு குடுக்கக்கூடாதுன்னு டாக்டர்..."

"என் மனசு பளு தூக்கும். என் முழங்காலுக்குத்தான் முடியாது" என்றார் டீச்சர். "அந்தச் சக்கர நாற்காலிய எடு. பதிவு ஆபீஸ் எத்தன மணிக்குத் தெறப்பாங்க?"

பதிவு அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் இருந்த பெண்மணிக்குக் கடுமையான ஜலதோஷம். பத்திரத்தை வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சொத்து விவரப் பக்கத்தைப் பார்த்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஒரு 'அ' அதிகமா விழுந்திருக்கு. வித்தவங்க, வாங்கினவங்க ரெண்டு பேரும் வந்திருக்கீங்களா? அப்ப இந்தத் திருத்தப் படிவத்த நிரப்புங்க."

கண்ணாடிக் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வக்கீல் வேண்டாமா?"

"வரலாம். வந்தா நேரமாகும்."

படிவத்தை நிரப்பியதும் அந்தப் பெண்மணி எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நடுவில் இரண்டு தும்மலோடு உரக்கப் படித்தார். எதற்காக இப்படி என்று மனைவி கேட்டாள்.

"கையெழுத்துக்கு முன்னால படிச்சுக் காட்டணும்னு விதிம்மா. யாரும் நின்னு கேக்கறதில்ல. படிச்சதா எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டு வக்கீலுங்க போயிடுவாங்க."

"படிக்கட்டையும் அவங்களுக்கே சேத்து எழுதிடுங்க" என்றார் டீச்சர். "அந்த நாப்பத்திரண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. தங்கை மகன் கேட்காமலே முன்னால் வந்து போட்டார். போட்டுவிட்டு மனைவியிடம், "திரைத் துணிய இன்னும் வெட்டல அக்கா. கடையில திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். மொத்தம் பத்து நிமிஷம். அதில் நான்கு நிமிஷம் கோந்துப் புட்டியைத் தேடியது.

மறுநாள் டீச்சருக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. பாதிக்குப் பாதி என்று சொன்ன டாக்டர், அந்தப் பாதியைத் தான் முன்பே சொன்னதாகச் சொன்னார். மகள் மறுபடியும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து மன்றத்தின் தீர்ப்பு தபாலில் வந்தது. தடித்த காகிதம், சிவப்பு அரக்கு, மூன்று கையெழுத்து. முதல் பத்து பக்கம் மரபைப் பற்றி இருந்தது. ஆவணங்களைப் படிப்பது வக்கீல் தொழிலின் வழக்கம் அல்ல என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளதாகச் சொன்னது. பதினோராவது பக்கத்தில் தண்டனை. குழு அங்கே கொஞ்சம் மனம் இளகி, பொதுமக்களின் திருப்திக்காக ஓர் அடையாள நடவடிக்கை எடுத்திருந்தது. தட்டச்சில் புகார் கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் இடம் மாறியிருந்தார்கள். அதன்படி, சின்ன வக்கீல் பட்ட மன உளைச்சலுக்குக் குழு வருத்தம் தெரிவித்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆறு மாதத்துக்கு வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்று தடை விதித்தது.

அவர் மன்றத்துக்குப் போய் விசாரித்தார். அங்கே இருந்த குமாஸ்தா தீர்ப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். ஆறு கண்ணு பாத்தது. தப்பு இருக்க வாய்ப்பில்ல. மேல்முறையீடு பண்ணலாம். ஆனா அதுக்கு ஒரு வக்கீல் வெக்கணும்."

அவர் வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் காகிதத்தைக் கொடுத்தார். அவள் முழுவதும் படித்தாள்.

"ஆறு மாசம் வக்கீல் வேலை பாக்காம இருக்க முடியுமா உங்களால?"

"முயற்சி பண்றேன்" என்றார்.

அவர் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர். முதல் மூன்று மாதம் ஒரு நாள்கூட வக்கீல் தொழில் செய்யவில்லை. நாலாவது மாதம், பக்கத்துக் கடைத் தையற்காரர் ஒரு கிரய ஒப்பந்தத்தோடு வந்தார். புதுக் கடை வாங்கப்போகிறார். ஒன்பது பக்கம். ஓரங்களில் மஞ்சள் நாக்குகள். மறுநாள் காலை கையெழுத்து.

"நீங்க இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சவரு. ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்களேன்."

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாலாவது பக்கத்தில்தான் தடை அவர் நினைவுக்கு வந்தது. உடனே கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, முடியாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லித் தையற்காரரை அனுப்பிவிட்டார். மதியம் சாப்பாட்டோடு கடைக்கு வந்த மனைவியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"நாலு பக்கம் படிச்சுட்டேன். யாராவது மன்றத்துல சொல்லிட்டா?"

மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள்.

"படிக்கறது வக்கீல் தொழிலோட வழக்கமே இல்லைன்னு அவங்களே பத்துப் பக்கத்துக்கு எழுதி, அரக்கு வெச்சு அனுப்பியிருக்காங்க. நீங்க படிச்சீங்க. அப்ப அது எப்படிங்க வக்கீல் வேலையாகும்?"

கண்ணாடிக் கடைக்காரர் இதைச் சோற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். தையற்காரர் மெஷினில் குனிந்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் காகிதத்தை வாங்கி, நாலாவது பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து, இந்தமுறை உரக்கவே படித்தார். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். நாளைக்கென்று வாங்கி வைத்த புதுப் பேனா அவர் சட்டைப் பையில் செருகியிருந்தது. ஏழாவது பக்கம் வந்தபோது, தையற்காரர் அதை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.